ஒரு சாண் மணலும் பன்னிரண்டு அயிரையும்

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துப் பழையகாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களா வேலையாட்களுக்கென்று தனியாக ஒரு பேரேடு இருந்தது. 1913ஆம் ஆண்டு மாசி மாதம் அதில் ஏறிய பதிவு ஒன்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பெரியாயி. விதவை. வயது ஐம்பத்தைந்து. சாது. அதிகம் பேசமாட்டாள். கண்பார்வை மந்தம். சுத்த மரக்கறி, மீனைக் கையாலும் தொடமாட்டாள். இவளுக்குப் பெரிய கங்காணி ரெங்கசாமி பொறுப்பு."

பெயர் சரி. விதவை என்பதும் சரி. அதற்கு மேல் ஒன்றும் சரியில்லை.

அவளுக்கு அப்போது நாற்பது நிறையவில்லை. எதிர்மலையில் நிற்கிறவள் கொழுந்தைக் கிள்ளுகிறாளா, முற்றல் இலையையும் சேர்த்துப் பிடுங்குகிறாளா என்று இந்த மலையிலிருந்தே சொல்லிவிடுகிற கண். சாது என்பதைப் பற்றி அவளோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடித்த பெண்களிடம் கேட்பதே முறை. மீன் விஷயமோ, கேட்கவே வேண்டாம். மதுரைக்கு மேற்கே ஒரு வைகைக் கால்வாயின் கரையில் பிறந்தவள். பாவாடையை வலையாக்கி அயிரை பிடித்தே வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் தோணியில் கடல் தாண்டி, பதுளைக்கு நடந்து, பதுளையிலிருந்து மடுல்சீமைக்கும் நடந்து வந்தபோது, வழி நெடுக அவள் கேட்டுக்கொண்டு வந்தது ஒரே கேள்வி: அங்கே வாய்க்கால் இருக்கிறதா என்று.

அப்படிப்பட்டவளைப் பற்றி ரெங்கசாமி கங்காணி ஏன் இப்படி எழுதவைத்தார்? தோட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்கு நல்லது செய்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பெரியாயியும் அதைத்தான் கேட்டாள்.

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கூடைக்கு இரண்டு ராத்தல் கழிப்பார்கள். மழை நாளில் கழிப்பதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்று வாரமாக ஒரு துளி மழை இல்லாத தை மாதத்திலும் ரெங்கசாமி கங்காணி கழித்தார். பெரியாயி தன் கூடையைத் தராசிலிருந்து இறக்காமல், "ஈரம் எங்கேருந்து வந்திச்சுங்க? நாங்க வேத்ததையும் சேத்து நிறுக்கிறீங்களா?" என்று கேட்டாள். வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் சிரித்தார்கள். கங்காணிக்கு அந்தச் சிரிப்பை மறக்க ஒரு வாரம் ஆயிற்று. கேள்வியை மறக்கவில்லை; அவளை மலையிலிருந்து நகர்த்த வழி தேடினார்.

வழியை வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணியே காட்டினார்.

துரைசாணிக்குச் சந்தேகம் என்பது ஒரு குணமல்ல, ஓர் ஒழுங்கு. சீனி டப்பாவுக்குப் பூட்டு. அந்தப் பூட்டின் சாவிப்பெட்டிக்கும் பூட்டு. பங்களா விறாந்தையில் அவர் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். பித்தளைச் சட்டம் போட்டது. கொழும்பிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ரயிலிலும், அங்கிருந்து வைக்கோல் நடுவே மாட்டுவண்டியிலும் வந்தது. அதன் பின்னாலேயே வாளியில் தங்கமீன்கள் வந்தன. அடியில் ஆற்று மணல் போடவேண்டும் என்று அவர் வைத்திருந்த புத்தகம் சொல்லிற்று. எவ்வளவு போடவேண்டும் என்று சொன்ன பக்கத்தை அவர் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு சாண் உயரத்துக்குப் போட்டுவிட்டார். கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலை ஒரு தண்ணீரில் அலசிப் போட்டதால், நாலு நாள் தொட்டி அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் தெளிந்தது. துரைசாணி ஒரு சீப்பால் மணலின் மேல்பக்கத்தில் அலை அலையாகக் கோடு போட்டு, இனி யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவுதான் மீன்களைக் கொன்றது. ஆனால் அது யாருக்கும் தெரியாது.

தெரிந்ததெல்லாம் மீன் குறைகிறது என்பதுதான். துரைசாணி தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணி, சின்ன நோட்டில் எழுதுவார். பதினைந்து பதினொன்றாயிற்று, பதினொன்று ஏழாயிற்று. தொட்டியைப் பார்த்துக்கொள்ள அடுத்தடுத்து வைத்த இரண்டு ஆட்களும், செத்த மீனைக் காட்டினால் நாமே கொன்றதாகச் சொல்வார்கள் என்று பயந்து, அதை ரோஜாச் செடிக்கடியில் புதைத்தார்கள். பிணம் கிடைக்காததால் மீன் சாகவில்லை என்று துரைசாணி முடிவு செய்தார். சாகாத மீன் காணாமற்போனால் அது யாருடைய வயிற்றிலோ இருக்கவேண்டும். இரண்டு பேருக்கும் பேர் வெட்டப்பட்டது. பேர் வெட்டினால் வேலையோடு லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சட்டி பானையோடு தோட்டத்தைத் தாண்டிவிடவேண்டும்.

"மீன் சாப்பிடாத ஆள் கொண்டா," என்று துரைசாணி தமக்குத் தெரிந்த தமிழில் கங்காணிக்குச் சொன்னார்.

தோட்டம் முழுவதும் தேடினாலும் அப்படி ஒருவர் இல்லை. ஆகவே கங்காணி ஒருவரை உண்டாக்கினார். பெரியாயி பங்களாவுக்குப் போனால் தராசுக்கு நிம்மதி. அங்கே மீன் குறைந்தால், அவள் தோட்டத்தை விட்டே போவாள், அப்போதும் நிம்மதி. எந்தப் பக்கம் விழுந்தாலும் தமக்கு நல்லது என்று எண்ணி, பொறுப்பு என்ற இடத்தில் தம் பெயரையும் தாராளமாகப் போடச் சொன்னார். அந்தத் தாராளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசிக்கவில்லை.

பதிவைக் கணக்கப்பிள்ளை பெரியாயிக்குப் படித்துக் காட்டினார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியாயி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகள் லெட்சுமியிடம், "நமக்கு எதுக்குடி இந்தாளு சக்கரை குடுக்கிறான்? உள்ளே எறும்பு இருக்கும்," என்றாள். லெட்சுமிக்குப் பதினேழு வயது, கொழுந்து எடுக்கிறவள். தாயின் பேர் வெட்டுப்பட்டால் அவளும் கூடவே போகவேண்டியதுதான்.

முதல் நாள் பங்களாவில் பெரியாயியை வரவேற்றது சமையல்கார அப்பு பொடிசிங்கோ. சிங்களவர்; பதினெட்டு வருஷமாக அந்த அடுப்படியில் இருப்பவர். முன்னே இருந்த இரண்டு பேரையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று லயத்தில் பேச்சு. அவரோ, லயத்து ஆட்கள்தான் தம்மை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நம்பினார்.

"அக்கே, மீனு நீ பாக்கிறது. நான் உன்னைப் பாக்கிறது," என்றார் அப்பு.

"பாருங்க அப்பு. உங்களை யாரு பாக்கிறது?"

"தொரசாணி."

ஏற்பாடு தெளிவாக இருந்தது. பெரியாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அந்த அழகான அலைக்கோடுகளுக்கு நடுவே விரல்களைக் குத்தினாள். அடியிலிருந்து குபுகுபுவென்று குமிழி வந்தது. கூமுட்டை நாற்றம் விறாந்தை முழுவதும் பரவிற்று. கையை எடுத்தபோது விரலில் ஒட்டியிருந்த மணல் கரிமாதிரி இருந்தது.

துரைசாணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "என்ன செய்யுது? யார் விஷம் போட்டது?"

"விஷமில்லைங்க. மணல் செத்துப்போச்சுங்க," என்றாள் பெரியாயி. "ஒரு சாண் மணலை அசைக்காமப் போட்டா அடியிலே அழுகிப்போகுங்க. அந்த நாத்தந்தான் மீனைக் கொல்லுது. ரெண்டு வெரக்கடை போதும்."

மணலுக்கு உயிர் உண்டென்று துரைசாணியின் புத்தகத்தில் இல்லை. ஆனால் நாற்றம் இருந்தது; அதை மறுக்க வழியில்லை. மூன்று நாள் தவணை கொடுத்தார்.

அந்த மூன்று நாளும் பெரியாயி ஓடைக்கரையில் உட்கார்ந்து மணல் கழுவினாள். கூடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, உள்ளங்கையால் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் ஆட்டி, கலங்கல் போகப் போக மறுபடி தேய்த்து, ஏழாம் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும் வரைக்கும் விடவில்லை. அந்த ஊவா மாகாணத்தில் ஒருவர் கூடையில் மணல் போட்டு ஓடையில் ஆட்டினால் அதற்கு ஒரே அர்த்தந்தான்: மாணிக்கக்கல் தேடுகிறார். மீனுக்காக மணல் கழுவுகிறாள் என்ற உண்மையை ஒருவரும் நம்பவில்லை. யார் நம்புவார்கள்? முதல் நாள் மாலைக்குள் அவளுக்கு நீலக்கல் ஒன்று கிடைத்துவிட்டதாகப் பேச்சு. இரண்டாம் நாள் அது புறாமுட்டை அளவுக்கு வளர்ந்தது. மூன்றாம் நாள் ரெங்கசாமி கங்காணி வேலையை விட்டுவிட்டு எதிர்ப் பாறையில் குடையோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன கெடச்சிச்சு?" என்றார், கடைசியில் பொறுக்கமாட்டாமல்.

"மணலுங்க."

"மணலுக்குள்ள?"

"அதுலயும் மணலுங்க, கங்காணியய்யா."

அவள் போன பிறகு, அவள் கழித்துக் கொட்டிய அழுக்கைக் கங்காணி குச்சியால் கிளறிப் பார்த்ததை லெட்சுமி மேட்டிலிருந்து பார்த்தாள்.

கழுவிய மணல் பச்சரிசி நிறத்தில் தொட்டிக்குள் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போயிற்று. ஏழு தங்கமீன்களும் மேலே வந்து வாய் பிளப்பதை நிறுத்தின. ஒரு மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு பெரியாயி ஒரு மூலையில் விரலைக் குத்திப் பார்த்தாள். லேசாகக் கறுப்பு.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஊரில் கால்வாய் மணலை யாரும் கழுவுவதில்லை. ஆனால் அது நாறுவதில்லை. ஏனென்றால் அயிரை அதற்குள்ளேயே குடியிருக்கிறது. பகலெல்லாம் புதைந்து கிடக்கும், இரை தேடி மணலை வாயில் அள்ளித் துப்பும், ஒரு இடம் விடாமல் உழும். இந்தத் தொட்டியில் உழுவதற்கு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழே நாட்டுப்பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் வயல் வாய்க்காலுக்குப் போய், முந்தானையை விரித்து, பன்னிரண்டு அயிரை பிடித்துவந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. வாய்க்கால் அயிரையின் வயிறெல்லாம் சேறு. அதை அப்படியே விட்டால் தொட்டி கலங்கும். சேற்றைக் கக்கவைக்க அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: உயிரோடு பாலில் போடவேண்டும். மதுரைச் சீமையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த முறை தெரியும். அது எதற்கு முந்தின வேலை என்றும் தெரியும். அவள் அப்புவிடம் அரை டம்ளர் பால் வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றி, மீன்களை விட்டு, விறாந்தைப் படியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு உருண்டை புளி. தொட்டியின் பித்தளைச் சட்டத்தைத் துலக்க.

பொடிசிங்கோ எட்டிப் பார்த்தார். "பாலு எதுக்கு அக்கே? மீனு என்ன, கைப்பிள்ளையா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் பேசாமல் போய்விட்டார். விளங்கியவர்தான் ஆபத்து. ஏதோ வேலையாகப் பங்களாவுக்கு வந்த ரெங்கசாமி கங்காணி கிண்ணத்தைப் பார்த்தார். அவரும் அதே சீமைதான். அயிரை, பால், புளி. இன்னும் மிளகாய் அரைப்பதுதான் பாக்கி.

"என்னா பெரியாயி, விருந்தா?"

"ஆமாங்க. தொட்டிக்கு."

"தொட்டிக்கா, வயித்துக்கா?"

"நான் மீனு தொடமாட்டேன்னு கங்காணியய்யாதான எழுதச் சொன்னீங்க. நீங்க பொய் சொல்லுவீங்களா?"

கங்காணிக்கு நேரே துரைசாணியிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. பொறுப்பு என்று அவர் பெயர் கிடக்கிறது. அடுப்படிக்குப் போய் அப்புவின் காதில் போட்டார். அப்பு துரைசாணியின் காதில் போட்டார். துரைசாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் தங்கமீன்களை எண்ணினார். ஏழு. பிறகு கிண்ணத்தை எண்ணினார். பன்னிரண்டு. பெரியாயி விஷயத்தைச் சொல்லி, கிண்ணத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். பன்னிரண்டு அயிரையும் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் போய் மறைந்தன. ஒரு வால்கூடத் தெரியவில்லை. துரைசாணி நோட்டில் "12" என்று எழுதிவிட்டு, தொட்டியைப் பார்த்தார். பிறகு பெரியாயியைப் பார்த்தார்.

மறுநாள் காலை எண்ணிக்கை: ஒன்று. அதற்கு மறுநாள்: ஒன்றுமில்லை. புதன்கிழமை: மூன்று. வியாழன்: ஒன்று.

"மணலுக்குள்ள இருக்குங்க," என்றாள் பெரியாயி ஒவ்வொரு நாளும்.

கண்ணுக்குத் தெரியாததை இருக்கிறதென்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் துரைசாணிக்கு வேதக்கோயிலில் மட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை மணலையெல்லாம் வெளியே எடுப்பது. கங்காணி எண்ணுவார். பன்னிரண்டு இல்லையென்றால் பேர் வெட்டு.

அன்று பெரியாயியும் எல்லாரையும் சந்தேகப்படத் தொடங்கினாள். மணலுக்குள்தான் இருக்கின்றன என்று சொன்னாளே தவிர, அவளும் கண்ணால் பார்க்கவில்லையே. பங்களாப் பூனை விறாந்தையில் படுத்துக்கொண்டு வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பதாகத் தோன்றிற்று. ரெங்கசாமி ஆள் வைத்து எடுத்திருப்பாரோ? பகல் சாப்பாட்டு நேரத்தில் அடுப்படிக்குள் போய், அப்புவின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"என்ன அக்கே?"

"வெங்காயம்," என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"உன் கையைக் காட்டு," என்றார் அப்பு. அவரும் முகர்ந்தார். "புளி."

மாலையில் லெட்சுமி சட்டி பானைகளைக் கோணிச்சாக்கில் அடுக்கத் தொடங்கினாள். பெரியாயி தடுக்கவில்லை. அவளுடைய பயத்துக்குத் தனியாக ஒரு காரணமும் இருந்தது. அது கடைசியில் வரும்.

சனிக்கிழமை காலை பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு விறாந்தையில் நாலு பேர் கூடினார்கள்: துரைசாணி, கங்காணி, அப்பு, பெரியாயி. தங்கமீன்களை வாளிக்கு மாற்றினார்கள். அப்பு அகப்பையால் மணலை அள்ளி ஈரத்துணியில் போட, கங்காணி விரலால் விலக்கி, கிடைத்த மீனைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டு எண்ணினார். முதல் அகப்பையிலேயே இரண்டு துள்ளின. கங்காணியின் முகம் கறுத்தது. ஐந்து. எட்டு. ஒன்பது. மூலையிலிருந்து இரண்டு சேர்ந்தாற்போல் வந்தன. பதினொன்று.

அதற்குப் பிறகு மணல்தான் வந்தது. தொட்டியின் அடிக்கண்ணாடி வெறுமையாகத் தெரிந்தது. துணியிலிருந்த மணலைக் கங்காணி இரண்டாம் முறையும் விலக்கிப் பார்த்தார். முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது.

"பதினொண்ணுதாங்க தொரசாணி."

"ஒண்ணு எங்கே?"

பெரியாயி ஒன்றும் சொல்லவில்லை. 'அதிகம் பேசமாட்டாள்' என்ற வரி அன்று ஒருநாள் உண்மையாயிற்று. கங்காணி தொண்டையைச் செருமினார். "தொரசாணி, அயிரைன்னா இவுக ஊர்ல..."

துரைசாணி கையை உயர்த்தினார். பக்கத்து மேசையில் பேரேடு தயாராக விரித்து வைத்திருந்தது. சந்தேகம் என்று வந்தால் அவர் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறவர் அல்ல. விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது நீ சொன்னது. மீன் தொடாது. நிசமா, பொய்யா?"

கங்காணி வரியைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி என்று தெரிந்தது. பொய் என்றால் பெரியாயி போவாள். நிச்சயம் போவாள். ஆனால் அதோடு நிற்காது. அவர் பொறுப்பில் அந்தத் தோட்டத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வயது, ஊர், உடம்பு என்று அவர் சொல்லி எழுதிய ஒரு வரி இருந்தது. இந்தத் துரைசாணி ஒரு வரி பொய்யென்று கண்டால், மீதி வரிகளையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கிவிடுவார்.

"நிசந்தாங்க," என்றார் கங்காணி.

"அப்போ சாப்பிட்டது யாரு?"

"அவ இல்லைங்க. அவ சுத்த மரக்கறிங்க. சின்ன வயசிலேருந்தே அப்படித்தாங்க." ஒவ்வொரு வார்த்தையும் கல்லைக் கடித்த மாதிரி வந்தது. "பூனை புடிச்சிருக்குங்க."

நாலு பேரும் பூனையைப் பார்த்தார்கள். அது தூங்கிக்கொண்டிருந்தது, அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

துரைசாணி குனிந்து துணியிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து முகர்ந்தார். நாற்றமில்லை. கறுப்பும் இல்லை, மூலையில் கண்ட கறுப்புக்கூடப் போயிருந்தது. ஐந்தாறு நாளில் பன்னிரண்டு சின்ன மீன்கள், அல்லது பதினொன்று, அந்த மணலை மேல் கீழாக உழுது வைத்திருந்தன. "மணல் நல்லது. திரும்பப் போடு," என்றார். பூனையை அன்று முதல் விறாந்தைக்கு வெளியே கட்டினார்கள். லெட்சுமி சாக்கைப் பிரித்துப் பானைகளை அடுப்பருகே வைத்தாள்.

பெரியாயி ஒன்பது வருஷம் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை விரலைக் குத்தி முகர்ந்து பார்ப்பாள். அவள் இருந்த வரைக்கும் மணல் சாகவில்லை. ஈரத்துக்குக் கழித்த இரண்டு ராத்தலும் தராசில் முன்போலவே கழிந்துகொண்டிருந்தது. அந்த வகையில் கங்காணிக்கு நஷ்டமில்லை. பேரேட்டுப் பதிவை ஒருவரும் திருத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் வயதை மட்டும் ஒன்று கூட்டி மறுபடி எழுதினார்கள். அதன் பலனையும் அவள் அனுபவித்தாள்: கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்குப் பங்களா ஆட்களுக்கெல்லாம் இறைச்சியும் பொரித்த மீனும் கொடுக்கும்போது, துரைசாணி மறக்காமல் அவளுக்கு மட்டும் பூசணிக்காய் கொடுக்கச் சொல்வார். அப்பு பொடிசிங்கோ அதைப் பரிமாறும்போது முகத்தை நேராக வைத்துக்கொள்வார். அவள் ஒன்பது நத்தாருக்கும் பூசணிக்காய் தின்றாள்.

மீதியை லெட்சுமி பல வருஷம் கழித்து, தெமோதரைக்குக் கல்யாணமாகிப் போன பிறகு சொன்னாள். பன்னிரண்டாவது அயிரை, தொட்டிக்குள் விட்ட மறுநாள் காலையிலேயே துள்ளி வெளியே விழுந்து, துரைசாணி எண்ண வருமுன் விறாந்தைத் தரையில் செத்துக் கிடந்தது. பெரியாயி அதை முந்தானையில் முடிந்து லயத்துக்குக் கொண்டுபோனாள். புளி கரைத்து, மிளகாய் அரைத்து, சின்னச் சட்டியில் குழம்பு வைத்தாள். வால் பக்கத்தை லெட்சுமிக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றாள்.